நிக்ஸ்ஓஎஸ் கணினியை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் லினக்ஸுக்கு மாறியவர்களில் சிலர் இப்போது நிக்ஸ்ஓஎஸ் பக்கம் வருகிறார்கள். நிறுவி முடிக்கும்வரை உற்சாகத்துக்குக் குறைவில்லை. முதல் பெரிய புதுப்பித்தல் வரும்போதுதான் கேள்விகள் கிளம்புகின்றன. நிறுவுவதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. அதற்குப் பிறகு அந்த அமைப்பை எப்படிக் கட்டிக்காப்பது என்று சொல்பவர்கள் குறைவு. வீட்டிலும் வேலையிலும் இதையே பயன்படுத்துகிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நிக்ஸ்ஓஎஸ் மற்ற லினக்ஸ்களிலிருந்து எதில் வேறுபடுகிறது?

மற்ற லினக்ஸில் கட்டளை மேல் கட்டளையாகக் கொடுத்துக் கணினியை மாற்றிக்கொண்டே போகிறோம். சில ஆண்டுகள் கழித்து, இந்தக் கணினி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் அதை அமைத்தவருக்கே பதில் தெரியாது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் உள்ளமைவுக் கோப்பில் எழுதுகிறோம்: எந்த மென்பொருள்கள், எந்தச் சேவைகள், எந்தப் பயனர்கள், எந்த நேர மண்டலம். ரீபில்ட் கட்டளையைக் கொடுத்ததும் அதன்படி முழு அமைப்பும் உருவாகிறது. கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி ரீபில்ட் செய்தால் அந்த மென்பொருளும் அமைப்பிலிருந்து விலகிவிடும்.

இதன் வேர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நிக்ஸ்ஓஎஸ்ஸுக்கு அடித்தளமான நிக்ஸ் என்ற மென்பொருள் மேலாண்மைக் கருவியை அங்கே ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003 வாக்கில் தொடங்கினார். 2006இல் அதையே முனைவர் பட்ட ஆய்வேடாகவும் அளித்தார். ஒவ்வொரு மென்பொருளும் நிக்ஸ் ஸ்டோர் என்ற கோப்புறைக்குள் தனித்தனி இடத்தில் அமர்கிறது. இடத்தின் பெயருக்கு முன்னால் 32 எழுத்துகள் கொண்ட ஒரு ஹேஷ் இருக்கும். அந்த மென்பொருள் எவற்றிலிருந்து எப்படி உருவானது என்பதைப் பொறுத்து அது மாறும். அதனால் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு ரீபில்டும் ஒரு புதிய தலைமுறையாகப் பதிவாகி, கணினி தொடங்கும்போது தோன்றும் பூட் மெனுவில் வரிசையாக நிற்கும். புதியது சரிப்படவில்லை என்றால் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.

டெபியன் போதாதா?

டெபியன் என்ற லினக்ஸ் பலருக்குப் போதும். ஒரே ஒரு மடிக்கணினி, அதில் உலாவியும் லிப்ரே ஆபிஸும் மட்டும் என்றால் டெபியனே நல்லது. இரண்டு மூன்று கணினிகளை ஒரே மாதிரி வைத்திருக்க விரும்புகிறவர், அமைப்பை அடிக்கடி மாற்றிப் பார்க்கிறவர், கணினி பழுதானால் அன்று மாலையே வேறொன்றில் அதே சூழலை எழுப்ப வேண்டியவர் ஆகியோருக்குத்தான் நிக்ஸ்ஓஎஸ் உழைப்புக்கு ஏற்ற பலன் தரும். கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உள்ளமைவைப் பல கோப்புகளாகப் பிரிக்க வேண்டுமா? இணையத்தில் பலர் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே?

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான். அடுத்தவர் தன் உள்ளமைவுக் கோப்புகளைச் சேர்த்துவைத்த பெரிய களஞ்சியத்தை அப்படியே நகலெடுத்துத் தொடங்குகிறவர்கள் சில மாதங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் அவருக்கு நேர்ந்த ஏதோ ஒரு பிரச்சினைக்குப் பதிலாக எழுதப்பட்டது. உங்களுக்கு அந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அதைத் திருத்தும் நாள் வரும்போது எங்கே கை வைப்பது என்று புரியாமல் நிற்பீர்கள்.

கான்ஃபிகரேஷன்.நிக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பில் தொடங்குங்கள். வன்பொருள் விவரங்கள் உள்ள கோப்பை நிறுவி தானே தனியாக உருவாக்கித் தரும். அதைத் தொடாமல் விடுங்கள். இரண்டாவது கணினி வீட்டுக்கு வரும் நாளில், இரண்டுக்கும் பொதுவானதைப் பிரித்து எடுங்கள். தேவை முன்னால் நின்றால் எங்கே பிரிப்பது என்பது தானாகத் தெரியும்.

கோப்பு சிறியதாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. நிக்ஸ்ஓஎஸ் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது; ஒவ்வொன்றிலும் சில அமைவுகளின் பெயர் மாறும், சில நீக்கப்படும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் என்றாவது ஒருநாள் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். இயல்பாகவே சரியாக இருக்கும் ஒன்றை மறுபடி எழுதிவைப்பது வேலையைக் கூட்டுவதுதான்.

ஃப்ளேக் பயன்படுத்த வேண்டுமா?

உள்ளமைவையும், அது எந்தப் பேக்கேஜ் தொகுப்பிலிருந்து உருவாக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதும் முறைதான் ஃப்ளேக். 2021 நவம்பரில் வந்த நிக்ஸ் 2.4இலிருந்து அது ஒரு சோதனை வசதியாக இருந்துவருகிறது. அந்த முத்திரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஏராளமானோர் அன்றாடம் நம்பியிருக்கிறார்கள். நான் பரிந்துரைப்பதற்கு ஒரே காரணம் ஃப்ளேக்.லாக் கோப்பு. எந்த நாளின், எந்த நிலையிலுள்ள நிக்ஸ் பேக்கேஜ் தொகுப்பிலிருந்து உங்கள் கணினி உருவானது என்பதை அது துல்லியமாகக் குறித்துவைக்கிறது. அந்தக் கோப்பும் உள்ளமைவும் கையில் இருந்தால் அதே அமைப்பை இன்னொரு கணினியிலும் எழுப்பலாம்.

புதியவர்களைத் திணறடிக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்துக்குள் ஃப்ளேக் இருந்தால், கிட் அறிந்த கோப்புகளை மட்டுமே அது பார்க்கும். புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, கிட் ஆட் கொடுக்காமல் ரீபில்ட் செய்தால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பிழை வரும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

இரண்டு வகைப் புதுப்பித்தல்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, ஒரே பதிப்புக்குள் பாதுகாப்புத் திருத்தங்களை வாங்குவது. ஃப்ளேக் அப்டேட் கட்டளை லாக் கோப்பைப் புதுப்பிக்கும், பிறகு ரீபில்ட். உலாவியும் இயங்குதளத்தின் மையமான கர்னலும் இதில்தான் திருத்தம் பெறுகின்றன, ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விடாமல் பின்பற்றுங்கள்: லாக் கோப்பு மாறிய கமிட்டில் (கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றத் தொகுப்பில்) வேறு எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. ஒலி வரவில்லை, அச்சுப்பொறி நின்றுவிட்டது என்று ஒருநாள் தேடும்போது, மாறியது உங்கள் வரியா, வெளியிலிருந்து வந்த பேக்கேஜா என்பது கிட் வரலாற்றைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டையும் கலந்திருந்தால் அந்த இரவு முழுக்கத் தேடலில் போகும்.

இரண்டாவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புக்கு மாறுவது. மே மாதப் பதிப்புக்கு .05 என்றும் நவம்பர் மாதப் பதிப்புக்கு .11 என்றும் முடியும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏழு மாத ஆதரவு உண்டு. அதாவது புதியது வந்த பிறகு மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு மாத அவகாசம்தான். நமது கரையில் இதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நவம்பர் பதிப்பு வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து விழுகிறது. 24.11 வெளியான 2024 நவம்பர் 30 அன்றுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் இங்கே 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரத்தில் மின்சாரமும் இணையமும் இருந்தவர்களே கொடுத்துவைத்தவர்கள். நவம்பர் பதிப்பு வந்ததும் ஓட வேண்டாம். டிசம்பரில் மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், பழைய பதிப்பின் ஆதரவு முடிவதற்குள் மாறிக்கொள்ளுங்கள். அதற்குள் மற்றவர்கள் கண்ட குறைகளும் ஓரளவு சரிசெய்யப்பட்டிருக்கும்.

மாறும் நாளில் செய்ய வேண்டியது இதுதான். வெளியீட்டுக் குறிப்புகளில் பொருந்தாத மாற்றங்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். பிறகு ரீபில்ட் கட்டளையோடு, புதிய அமைப்புக்கு உடனே மாற்றும் ஸ்விட்ச் கொடுக்காமல் பில்ட் மட்டும் கொடுங்கள். அமைப்பு முழுதாக உருவாகும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் எதுவும் மாறாது. பெயர் மாறிய அமைவுகளுக்கு எச்சரிக்கை வரும், நீக்கப்பட்டவற்றுக்குப் பிழை வரும். 24.11இல் ஹார்ட்வேர்.ஓபன்ஜிஎல் என்பது ஹார்ட்வேர்.கிராஃபிக்ஸ் ஆனது இப்படித்தான் தெரியவந்தது. எச்சரிக்கைகளை அன்றே திருத்திவிடுங்கள். இன்றைய எச்சரிக்கை பின்னொரு பதிப்பில் பிழையாக வந்து நிற்கும். உருவான அமைப்பையும் ஓடுகிற அமைப்பையும் என்விடி என்ற சிறு கருவியால் ஒப்பிட்டால், எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறுகிறது என்று வரி வரியாகக் காட்டும். அதைப் படித்துத் திருப்தியான பிறகு, அடுத்த தொடக்கத்தில் புதியதற்கு மாற்றும் பூட் என்ற கட்டளையைக் கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். கர்னலும் திரைச் சூழலும் சேர்ந்து மாறும்போது, ஓடிக்கொண்டிருக்கும் அமர்வின் நடுவே ஸ்விட்ச் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

புதுப்பிக்கும்போது மின்சாரம் போய்விட்டால்?

மற்ற லினக்ஸைவிட இங்கே ஆபத்து குறைவு. புதிய பேக்கேஜ்கள் எல்லாம் ஸ்டோரில் புதிய இடங்களில் எழுதப்படுகின்றன. ஓடுகிற அமைப்பின் கோப்புகளை அவை தொடுவதில்லை. எல்லாம் தயாரான பிறகு ஓர் இணைப்பு மட்டும் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பப்படுகிறது. பதிவிறக்கத்தின் நடுவே மின்சாரம் போனால், வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும்.

பலவீனமான கணம் ஒன்று உண்டு. கணினியைத் தொடங்கிவைக்கும் டிஸ்க் பகுதியான பூட் பகிர்வில் கர்னலையும் மெனுவையும் எழுதும் சில வினாடிகள்தான் அது. அந்தப் பகிர்வு பழைய ஃபேட் வகை என்பதால் பாதியில் நின்றால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். திடீரென அணைந்த பிறகு ஏதாவது மென்பொருள் விசித்திரமாக நடந்துகொண்டால், ஸ்டோரின் உள்ளடக்கத்தை ஹேஷோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் கட்டளை நிக்ஸிலேயே இருக்கிறது. நேரம் எடுக்கும், ஆனால் கெட்டுப்போன கோப்பை மறுபடி இறக்கிக்கொள்ளும்.

தமிழ்த் தட்டச்சையும் எழுத்துருக்களையும் எப்படி அமைப்பது?

நிக்ஸ்ஓஎஸ்ஸின் அருமை எனக்கு நன்றாக விளங்கியது இதில்தான். மற்ற இடங்களில் ஒவ்வொரு முறை நிறுவும்போதும் தமிழுக்காக மெனு மெனுவாக அலைய வேண்டும். இங்கே ஒருமுறை எழுதினால் எல்லாக் கணினிகளுக்கும் வந்துவிடுகிறது.

தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிட்டிஎக்ஸ்5, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதனுடன் எம்17என் இயந்திரத்தைச் சேருங்கள். தமிழ்99, ஒலியியல் உட்பட நமக்குப் பழகிய தளவமைப்புகள் அதில் இருக்கின்றன. நோம் திரைச்சூழல் என்றால் ஐபஸ், கேடிஇ என்றால் எஃப்சிட்டிஎக்ஸ்5 ஒத்துப்போகும். எழுத்துருவுக்கு நோட்டோ தொகுப்பும் லோகித் தமிழும் போதும். ஆனால் எழுத்துருவை நிறுவுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இயல்பு எழுத்துருக்கள் எவை என்று ஃபான்ட்கான்ஃபிக் பகுதியில் வரிசைப்படுத்தி எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு நிரலில் ஒரு தமிழ் எழுத்துருவும் இன்னொன்றில் வேறொன்றும் தெரியும். கொம்பும் துணைக்காலும் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கண்ணை உறுத்தும்.

இந்தப் பகுதியில்தான் பெயர் மாற்றங்களும் நடந்தன. எழுத்துருப் பட்டியலின் பெயர் 23.11இல் ஃபான்ட்ஸ்.ஃபான்ட்ஸ் என்பதிலிருந்து ஃபான்ட்ஸ்.பேக்கேஜஸ் ஆனது. உள்ளீட்டு முறையின் ஒற்றை வரி, 24.11இல் இயக்குவதற்கு ஒன்று, வகைக்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இவ்விடத்தில் கவனமாக இருங்கள்.

என் கோப்பில் அந்த வரிகளுக்கு மேல் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: ‘அம்மாவின் கணினியில் தமிழ்99 வேண்டாம், ஒலியியல் மட்டும். மாற்றுவிசை கன்ட்ரோல்-ஸ்பேஸ்; சூப்பர்-ஸ்பேஸ் நோமோடு மோதுகிறது.’ நிக்ஸ் கோப்பில் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம், எந்தத் தடையும் இல்லை. என்ன செய்கிறோம் என்பதை வரியே சொல்லிவிடும். ஏன் செய்தோம் என்பதைக் குறிப்பு மட்டும்தான் சொல்லும். காரணம் எழுதப்படாத வரியை நீக்கவும் துணிவு வராது, வைத்திருக்கவும் நம்பிக்கை வராது. அப்படிப்பட்ட வரிகள் சேரச் சேரத்தான் உள்ளமைவு மூப்படைகிறது.

ஸ்டேட்வெர்ஷன் என்ற வரியைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா?

மாற்றாதீர்கள். உங்கள் நிக்ஸ்ஓஎஸ் எந்தப் பதிப்பு என்பதை அது குறிப்பதில்லை. அந்தக் கணினியில் முதன்முதலில் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்பதைக் குறிக்கிறது. சேமித்த தரவின் வடிவம் தொடர்பான முடிவுகள் அதைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் இயல்புப் பதிப்பு ஓர் உதாரணம். எண்ணை உயர்த்தினால், பழைய தரவைப் படிக்க முடியாத புதிய போஸ்ட்கிரஸ் வந்து நிற்கலாம்.

டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

பழைய தலைமுறைகள் குறிப்பிடும் எல்லாப் பேக்கேஜ்களும் ஸ்டோரிலேயே கிடக்கும். குப்பை நீக்கும் சேவையை உள்ளமைவிலேயே இயக்கி, 30 நாளுக்கு முந்தியவற்றை வாரந்தோறும் நீக்கச் சொல்லிவிடலாம். கையால் செய்கிறவர்கள் ரூட் என்ற நிர்வாகி உரிமையோடும் ஒருமுறை, தங்கள் பயனர் பெயரிலும் ஒருமுறை கட்டளையைக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பயனராகக் கொடுத்தால் அமைப்பின் பழைய தலைமுறைகள் அசையாது. அப்படியும் இடம் கிடைக்கவில்லையா? நீங்கள் எப்போதோ பில்ட் செய்த கோப்புறைகளில் ரிசல்ட் என்ற பெயரில் இணைப்புகள் மறந்துபோய்க் கிடக்கும். அவை இருக்கும்வரை அந்தப் பேக்கேஜ்கள் நீங்கா.

பூட் பகிர்வு நிரம்புவது வேறு பிரச்சினை. அதில் கர்னல்கள் சேர்ந்துகொண்டே போகும். விண்டோஸோடு சேர்த்து நிறுவியவர்களுக்கு அந்தப் பகிர்வு பெரும்பாலும் மிகச் சிறியது. மெனுவில் எத்தனை தலைமுறைகள் நிற்கலாம் என்று வரம்பு வைக்கும் ஒரு வரி உண்டு. பத்து என்று வையுங்கள், இடம் மிகக் குறைவென்றால் ஐந்து. குப்பை நீக்கிய பிறகும் மெனுவில் பழைய வரிகள் தெரிந்தால் ஒருமுறை ரீபில்ட் செய்யுங்கள், அப்போதுதான் மெனு திருத்தி எழுதப்படும்.

கடவுச்சொற்களை உள்ளமைவில் எழுதலாமா?

கூடாது. ஸ்டோரில் உள்ள எந்தக் கோப்பையும் அந்தக் கணினியின் எந்தப் பயனரும் படிக்கலாம். கிட்டில் ஏறிய கடவுச்சொல் நீக்கிய பிறகும் வரலாற்றில் நிலைத்திருக்கும். பல கணினிகள் வைத்திருப்பவர்களுக்கு சாப்ஸ்-நிக்ஸ், ஏஜ்நிக்ஸ் போன்ற மறையாக்கக் கருவிகள் இருக்கின்றன. ஒரே மடிக்கணினிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ரகசியத்தை ரூட் மட்டும் படிக்கும் தனிக் கோப்பில் வைத்து, உள்ளமைவில் அதன் பாதையை மட்டும் எழுதுங்கள். பாதையை மேற்கோள்குறிக்குள் எழுதுவது முக்கியம். குறி இல்லாமல் எழுதினால், நிக்ஸ் அந்தக் கோப்பையே நகலெடுத்து ஸ்டோரில் வைத்துவிட வாய்ப்புண்டு.

உள்ளமைவு கிட்டில் இருக்கிறது. அப்படியானால் பேக்கப் தேவையில்லைதானே?

தேவை. உள்ளமைவு கணினியை மீட்கும். புகைப்படங்களையும் ஆவணங்களையும் மீட்காது. நல்ல செய்தி என்னவென்றால், பேக்கப்பையும் உள்ளமைவிலேயே எழுதலாம். ரெஸ்டிக், போர்க் இரண்டுக்கும் ஆயத்தச் சேவைகள் உண்டு; எந்தக் கோப்புறை, எந்த நேரம், எத்தனை நாள் பிரதிகள் என்று சில வரிகளில் முடிந்துவிடும். ஒரு பிரதி ஊருக்கு வெளியே இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு ஊர்களில் பிரதி வைத்திருந்தாலும் இரண்டும் ஒரே புயலின் வழியில்தான் இருக்கின்றன.

இணையத்திலிருந்து நேரடியாக இறக்கிய நிரல் ஓட மறுக்கிறதே?

மற்ற லினக்ஸில் நூலகங்களை ஏற்றித்தரும் நிரல் இருக்கும் வழக்கமான இடத்தில் நிக்ஸ்ஓஎஸ்ஸில் அது இருப்பதில்லை. நிக்ஸ்-எல்டி என்ற வசதியை இயக்கினால் பெரும்பாலான நிரல்கள் ஓடும். மற்றவற்றுக்கு, தேவையான நூலகங்களோடு நிரலை ஓட்டும் ஃபிளாட்பாக் அல்லது வேறொரு லினக்ஸைக் கொள்கலனில் ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸ் இருக்கிறது. எச்பி அச்சுப்பொறிகளில் சிலவற்றுக்குத் தனியுரிம இணைப்பு தேவைப்படும். கட்டற்றதல்லாத மென்பொருளுக்கு அனுமதி தரும் வரியைச் சேர்த்தால்தான் அது வரும். டெபியனுக்காக மட்டும் வெளியிடப்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இயக்கிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மெய்நிகர் கணினியில் டெபியனை வைத்து அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மென்பொருள் மட்டும் புதிய பதிப்பில் வேண்டும். முழு அமைப்பையும் அன்ஸ்டேபிளுக்கு மாற்ற வேண்டுமா?

இல்லை. தொடர்ந்து புதுப்பிக்கப்படும் கிளையான அன்ஸ்டேபிளை ஃப்ளேக்கில் இரண்டாவது உள்ளீடாகச் சேர்த்து அந்த ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுங்கள். பக்கத்திலேயே ‘அடுத்த பதிப்பில் நீக்குக’ என்று எழுதிவையுங்கள். மாறும் நாளில் அந்தச் சொற்களைத் தேடினால் நீக்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும்.

வீட்டிலுள்ள பெரியவர்களின் கணினியில் இதை வைக்கலாமா?

பராமரிப்பது நீங்கள் என்றால் தாராளமாக வைக்கலாம். கடலூரில் அம்மாவின் கணினி, புதுச்சேரியில் என் கணினி. இரண்டும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. ரீபில்ட் கட்டளைக்கு இலக்குக் கணினியின் முகவரியைச் சேர்த்துக் கொடுத்தால், இங்கே உருவான அமைப்பு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அங்கே போய் அமர்ந்துவிடுகிறது. பழைய, வேகம் குறைந்த கணினிக்கு இது பெரிய உபகாரம்.

பூட் மெனு காத்திருக்கும் நேரம் இயல்பாக ஐந்து வினாடிதான். பெரியவர்களின் கணினியில் அதைப் பதினைந்தாக உயர்த்துங்கள். திரையில் ஏதாவது கோளாறு என்று தொலைபேசியில் அழைத்தால், “அம்மா, அணைத்துவிட்டு மறுபடி போடு, கறுப்புத் திரையில் பட்டியல் வந்ததும் கீழ் அம்பை ஒருமுறை அழுத்தி என்டரைத் தட்டு” என்று சொன்னால் போதும். நேற்று வேலை செய்த கணினி அப்படியே திரும்ப வரும். பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்ய வேண்டிய அவசரம் இல்லை.

ஹோம் மேனேஜரில் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

ஒரு பயனரின் சொந்த அமைவுகளை நிக்ஸ் மொழியில் எழுதவைக்கும் கருவிதான் ஹோம் மேனேஜர். அதில் அரிதாக மாறுபவற்றை எழுதுங்கள். எடிட்டரின் அமைவு போல நாள்தோறும் தொட்டுத் திருத்துகிற கோப்புகளுக்கு ஒவ்வொரு முறையும் ரீபில்ட் செய்வது சலிப்பூட்டும். அவற்றைக் களஞ்சியத்தில் சாதாரணக் கோப்பாக வைத்து, ஸ்டோருக்கு வெளியே இணைப்பு மட்டும் போடும் வழி ஹோம் மேனேஜரிலேயே இருக்கிறது.

பிறகு பிடிக்காமல் போனால்? இத்தனை உழைப்பும் வீண்தானா?

வீணாகாது. நிக்ஸையும் ஹோம் மேனேஜரையும் டெபியன் மீதும் ஓட்டலாம். ஸ்கீம் மொழியை விரும்புகிறவர்களுக்கு இதே கொள்கையில் எழுந்த குனு கீக்ஸ் இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்றாலும், உங்கள் கணினிக்கு எவை தேவை, ஏன் தேவை என்ற எழுத்துப் பதிவு கையில் இருக்கும். வேறு எந்த லினக்ஸில் அமர்ந்தாலும் அதைப் பார்த்து அமைத்துக்கொள்ளலாம்.

சிக்கிக்கொண்டால் எங்கே பார்ப்பது, யாரைக் கேட்பது?

முதலில் உங்கள் கணினியிலேயே பாருங்கள். மேன் கட்டளையோடு கான்ஃபிகரேஷன்.நிக்ஸ் என்று கொடுத்தால், நீங்கள் பயன்படுத்தும் அதே பதிப்பின் அமைவுகள் அனைத்தும் விளக்கத்தோடு வரும். இணையம் இல்லாத நாளிலும் அது கிடைக்கும். அருகில் ஆள் வேண்டுமென்றால் புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இயங்குகின்றன; போய்க் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்கும்போது பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் காட்டாதீர்கள். பிழை வந்த வழியைக் காட்டும் ஷோ-ட்ரேஸ் சேர்த்து மறுபடி ஓட்டிய முழு வெளியீடு, லாக் கோப்பு, கடைசியாக வேலை செய்த கமிட்டுக்கும் இப்போதைக்கும் உள்ள வேறுபாடு ஆகிய மூன்றும் இருந்தால் பதில் சொல்கிறவரின் வேலை பாதியாகிவிடும்.